உங்களுக்குத் தெரியுமா? வாடகை சொல்லும் மனை விலை

அலுவலக வளாகம், மால், கிடங்கு, ஓட்டல் என்று வாடகைக்காகக் கட்டும் எதுவும் முதலில் எழும்புவது தாளில்தான். தாளில் நிற்காத கட்டடம் தரையில் நின்றாலும், கடைசியில் வங்கியின் ஏலப் பட்டியலில் போய் நிற்கும். கணக்குப் புரிவதற்காகச் சென்னைப் புறநகரில் 10 கிரவுண்டு மனை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கான எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு, மற்றவை நடந்தவை.

மனை விலை கடைசியில்தான் வரும்

● சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 10 கிரவுண்டு என்றால் 24,000. எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு 2 என்றால், மொத்தம் 48,000 சதுர அடி கட்டலாம். வீடு கட்டுபவர் மனையின் அளவைப் பார்ப்பார். பில்டர் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணை.

● 48,000 சதுர அடிக்கு மாதம் 75 ரூபாய் வாடகை வைத்தால் ஆண்டுக்கு 4.32 கோடி. ஆனால் எந்தக் கட்டடமும் எப்போதும் நிரம்பியிருக்காது. 10 சதவீதம் காலி என்று கழித்தால் 3.89 கோடி. சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு என்று 39 லட்சம் போனால் மிச்சம் 3.5 கோடி. இந்த நிகர வாடகையில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது.

● நிகர வாடகையைக் கட்டடத்தின் விலையால் வகுத்தால் வருவது ‘கேப் ரேட்’. அந்த வட்டாரத்தில் முதலீட்டாளர்கள் 8 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள் என்றால், 3.5 கோடி தரும் கட்டடத்தின் மதிப்பு 43.75 கோடி. கட்ட எவ்வளவு செலவானது என்று வாங்குபவர் கேட்கமாட்டார். தளத்துக்கு இத்தாலியப் பளிங்கு போட்டாலும் வாடகை கூடாவிட்டால் மதிப்பு ஒரு ரூபாய்கூட ஏறாது.

● இனிப் பின்னோக்கி வரலாம். சதுர அடிக்கு 5,000 வீதம் கட்டுமானம் 24 கோடி. வட்டி, வரைபடக் கட்டணம், தரகு, எதிர்பாராச் செலவு 6 கோடி. போட்ட பணத்துக்கு 15 சதவீத லாபம் வேண்டுமென்றால் மொத்தச் செலவு 38.04 கோடியைத் தாண்டக்கூடாது. அதில் 30 கோடி கட்டடத்துக்கே போய்விடுகிறது. மனைக்கு மிஞ்சுவது 8.04 கோடிதான்.

● அந்த 8.04 கோடியும் முழுதாக மனைக்காரர் கைக்குப் போகாது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம் அரசுக்கு. ஆக மனைக்குக் கொடுக்கக்கூடிய விலை 7.38 கோடி, கிரவுண்டுக்கு ஏறத்தாழ 74 லட்சம். மனைக்காரர் 12 கோடி கேட்டால் லாபம் 67 லட்சமாகச் சுருங்கிவிடும். 43 கோடி போட்டுச் சில ஆண்டு காத்திருந்து 67 லட்சம் சம்பாதிக்க யாரும் வரமாட்டார்கள்.

● மனை 7.38 கோடிக்கே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 75-லிருந்து 10 சதவீதம் மட்டும் குறைகிறது. கட்டடத்தின் மதிப்பு 43.75 கோடியிலிருந்து 38.89 கோடியாகிறது, அதாவது 11 சதவீதச் சரிவு. ஆனால் 5.71 கோடியாக இருந்த லாபம் 85 லட்சமாகிவிடுகிறது. சரிவு 85 சதவீதம். வாடகை அப்படியே இருந்து, சந்தையின் கேப் ரேட் 8-லிருந்து 9 ஆனாலும் மதிப்பு அதே 38.89 கோடிக்குத்தான் வரும்.

விதி கொடுப்பதும் எடுப்பதும்

● தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் 18.3 மீட்டர் உயரம் ஒரு முக்கியக் கோடு. அதற்குள் அடங்கும் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதைத் தாண்டிய அடுக்குமாடிக்கு 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் 3.25. ஒரே அளவுள்ள இரண்டு மனைகளில், முன்னால் ஓடும் சாலையின் அகலமே ஒன்றின் விலையை உயர்த்துகிறது.

● கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யை அரசிடமே விலைக்கு வாங்கலாம். 9 மீட்டர் சாலைக்கு 30, 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கும் அதற்கு மேலும் 50 சதவீதம் வரை அனுமதி உண்டு. கட்டணம் வழிகாட்டி மதிப்பை ஒட்டி இருக்கும். நம் மனையில் 30 சதவீதம் வாங்கினால் 48,000 சதுர அடி 62,400 ஆகும். கூடுதல் பரப்புக்கு மனைச் செலவு இல்லை. ஆனால் கட்டுமானச் செலவும் அரசுக் கட்டணமும் உண்டு. அந்தப் பரப்புக்கு வாடகைக்காரர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

● 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் அதன் வழிகாட்டி மதிப்பைக் கட்டலாம். பெரிய மனை வாங்குபவர் இதைக் கழித்துவிட்டுத்தான் விலை பேசுவார்.

● கட்டடத்துக்கு உச்சவரம்பு ஏன் வந்தது? 1915-ல் நியூயார்க்கில் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம், ஒரு ஏக்கருக்கும் குறைவான மனையில் 12 லட்சம் சதுர அடி இடத்தை அடுக்கியது. மனையின் பரப்பைப் போல ஏறக்குறைய 30 மடங்கு! அதன் நிழலில் அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் வெளிச்சத்தை இழந்தன. அவற்றின் உரிமையாளர்கள் எழுப்பிய கூச்சலும் சேர்ந்துதான் 1916-ல் அந்நகரின் மண்டல விதியைக் கொண்டுவந்தது.

● நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதன்மீது கோபுரம் கட்ட ரயில் நிறுவனம் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1978-ல் நகரின் பக்கம் தீர்ந்தது. ஆனால் நிலையத்துக்கு மேலே பயன்படாமல் கிடந்த கட்டும் உரிமையை வேறு மனைகளுக்கு விற்க வழி இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஜேபி மார்கன் வங்கி தன் புதிய தலைமையகத்துக்காக அதில் ஒரு பகுதியை வாங்கியது.

● மேலே சொன்ன 24 கோடிக் கட்டுமானச் செலவில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருந்தால், வரி மட்டும் ஏறத்தாழ 3.66 கோடி. வாடகைக்கும் 18 சதவீத வரி உண்டு என்பதால், இதை அதில் கழித்துக்கொள்ளலாமா என்று ஒடிசாவில் ஒரு மால் நிறுவனம் வழக்காடியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. மறு ஆண்டு நிதிச் சட்டம் 2017 ஜூலையிலிருந்து செல்லும்படி திருத்தம் செய்து அதை மூடியது. அந்த வரி கட்டடச் செலவோடு செலவாக நின்றுவிட்டது.

● கார் நிறுத்துமிடம் கணக்கில் ஓசைப்படாமல் ஏறும் செலவு. ஒரு காருக்கு, பாதையும் திருப்பமும் சேர்த்து, சுமார் 300 சதுர அடி தேவை. அதைத் தரைக்குக் கீழே தோண்டினால் மண் அகற்றுதல், தாங்குசுவர், நீர்க்கசிவுத் தடுப்பு என்று செலவு பெருகும். வாடகையோ மேல்தளத்துக்கு வருவதில் ஒரு சிறு பங்குதான். கடற்கரை நகரங்களில் இரண்டாவது அடித்தளம் என்றதும் பில்டர் யோசிப்பது இதனால்தான்.

கடனும் காலமும்

● தனியார் பில்டர் மனை வாங்க வங்கி கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாள் விதி. கட்டுமானத்துக்குக் கிடைக்கும், நிலத்துக்குக் கிடைக்காது. அதனால் மனைக்குச் சொந்தப் பணம், கூட்டாளி பணம், அல்லது வட்டி அதிகமான தனியார் நிதி. மனைக்காரரையே பங்காளியாக்கும் கூட்டுத் திட்டங்கள் நம் ஊரில் இத்தனை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

● ‘வணிக ரியல் எஸ்டேட் கடன்’ எது என்பதில் வங்கிகளுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: கடன் திரும்பி வருவது அந்தச் சொத்தின் வாடகையிலிருந்தோ விற்பனையிலிருந்தோ என்றால் அது இந்த வகை. மருத்துவமனைக் கட்டடக் கடன் நோயாளிகளிடம் வாங்கும் கட்டணத்தில் அடைபட்டால் இதில் வராது. 2025 அக்டோபர் முதல், கட்டிக்கொண்டிருக்கும் வணிகத் திட்டத்தின் கடனுக்கு வங்கி 1.25 சதவீதம் ஒதுக்கிவைக்க வேண்டும். உள்கட்டமைப்புத் திட்டத்துக்கு 1 சதவீதம் போதும். வணிகத் திட்டத்தில் ஆபத்து அதிகம் என்பது அதன் பொருள்.

● 20 கோடிக் கடன், 12 சதவீத வட்டி, 2 ஆண்டுக் கட்டுமானம். வேலை நடக்க நடக்கத்தான் பணம் எடுக்கிறோம் என்பதால் சராசரியாகப் பாதித் தொகைக்கே வட்டி ஓடும்: இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 2.4 கோடி. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழ் ஓர் ஆண்டு தள்ளிப்போனால், முழுக் கடனுக்கும் வட்டி: இன்னொரு 2.4 கோடி. இரண்டு ஆண்டு உழைப்பின் வட்டியும் ஓர் ஆண்டுக் காத்திருப்பின் வட்டியும் சமம்.

● வாடகை வரத் தொடங்கியபின் அந்த வாடகையையே அடமானமாக வைத்து வாங்கும் நீண்டகாலக் கடன் ‘லீஸ் ரென்டல் டிஸ்கவுன்டிங்’. தவணை 1 ரூபாய் என்றால் நிகர வாடகை 1.25 ரூபாய் இருக்கிறதா என்று வங்கி பார்க்கும். நம் 3.5 கோடிக்கு ஆண்டுத் தவணை 2.8 கோடிவரை போகலாம். 10 சதவீத வட்டி, 12 ஆண்டு என்றால் கிடைக்கும் கடன் சுமார் 19.5 கோடி, கட்டட மதிப்பில் பாதிகூட இல்லை.

● 10 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 8 சதவீதம் தரும் கட்டடத்தை ஏன் வாங்குகிறார்கள்? 3 ஆண்டுக்கு ஒருமுறை வாடகை 15 சதவீதம் ஏறும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 4.8 சதவீதக் கூட்டுவளர்ச்சி. 75 ரூபாய் வாடகை 6 ஆண்டு கழித்து 99 ரூபாயைத் தொடும். அந்த ஏற்றம் நடக்காவிட்டால் முதல்நாள் முதலே இது நஷ்டக் கணக்கு.

● 10 கோடி போட்டு 20 கோடி எடுத்தேன் என்றால் நல்ல லாபமா? 3 ஆண்டில் என்றால் ஆண்டுக்கு 26 சதவீதம். 5 ஆண்டில் 14.9. 7 ஆண்டில் 10.4. மூன்றாவது நிலையில், கடனுக்கு 12 சதவீதம் கட்டியவர் பணத்தை இரட்டிப்பாக்கியும் தோற்றவர்தான்.

● கடனே வாங்காமல் வானளாவி கட்டிய ஒருவர் உண்டு. 5, 10 சென்ட் கடைகளை நடத்திப் பணம் சேர்த்த ஃபிராங்க் உல்வொர்த், 1913-ல் நியூயார்க்கில் திறந்த உல்வொர்த் கட்டடத்துக்கு 1.35 கோடி டாலரையும் ரொக்கமாகக் கொடுத்தார். அன்று உலகிலேயே உயரமான கட்டடம் அது. பின்னாளில் வந்த பெருமந்தத்தில், அடமானக் கடனில் கட்டிய கோபுரங்கள் பல கைமாறின.

வாடகைக்காரர் யார்?

● 10,000 சதுர அடி வாடகைக்கு எடுத்தால் மேசை போடக் கிடைப்பது எவ்வளவு? படிக்கட்டு, லிஃப்ட், வரவேற்புக் கூடம் எல்லாவற்றிலும் பங்கு சேர்த்ததுதான் ‘சூப்பர் பில்ட்-அப்’. பயன்படும் இடம் 70 சதவீதம் என்றால் 7,000 சதுர அடி. 75 ரூபாய் வாடகை உண்மையில் 107 ரூபாய். இந்தியாவில் சதுர அடிக்கு மாத வாடகை பேசுகிறோம். லண்டனிலும் நியூயார்க்கிலும் அது ஆண்டு வாடகை. டோக்கியோவில் 3.3 சதுர மீட்டர் கொண்ட ‘சுபோ’ என்ற அளவுக்கு மாத வாடகை.

● நம் ஊர் அலுவலக ஒப்பந்தம் பெரும்பாலும் 3+3+3 ஆண்டு. ஆனால் 9 ஆண்டும் கட்டுப்பட்டவர் உரிமையாளர்தான். வாடகைக்காரர் ‘லாக்-இன்’ காலம் முடிந்ததும் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். உள்வேலை செய்துகொள்ள வாடகையில்லாத சில மாதங்களும் கேட்பார். அதனால் ஒப்பந்தத்தின் மொத்தக் காலத்தைவிட லாக்-இன்னில் மீதமுள்ள மாதங்களையே வங்கி எண்ணிப் பார்க்கிறது.

● அமெரிக்க மால்களின் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 3 பொருளியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட கட்டுரை வியப்பானது. பெருங்கடைகள் மாலின் வாடகைப் பரப்பில் 58 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, மொத்த வாடகையில் 10 சதவீதமே கொடுத்தன. கூட்டத்தை இழுத்து வருவது அவைதான். அந்தக் கூட்டத்துக்கான விலையை மாலுக்குள் இருக்கும் சின்னக் கடைகள் வாடகையாகக் கட்டுகின்றன.

● கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எழுந்த இடம் பழைய குதிரைப் பந்தயத் திடல். அதை நகரத்தின் புதிய மையமாக்கும் திட்டத்தை முன்னெடுத்தவர், இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த ஆனந்த கிருஷ்ணன். 88 மாடி இரட்டைக் கோபுரத்தில் வாடகைக்காரரைத் தேடும் கவலை பாதியாகக் குறைந்தது: ஒரு கோபுரத்தைத் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸே முழுதாக எடுத்துக்கொண்டது. பெரிய திட்டத்துக்கு முதல் வாடகைக்காரரே முதல் உத்தரவாதம்.

● மெக்டொனால்ட்ஸ் சம்பாதிப்பது பர்கரில் மட்டுமல்ல. 1956-ல் ஹாரி சோனபோர்ன் யோசனைப்படி அந்நிறுவனம் மனைகளுக்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. இடத்தைத் தான் பிடித்து, கூடுதல் வாடகைக்குக் கிளை நடத்துபவரிடம் விடுவது திட்டம். விற்பனை ஏறினால் வாடகையும் ஏறும். இறங்கினாலும் குறைந்தபட்ச வாடகை உண்டு. இன்று நம் மால்களில் இருக்கும் ‘குறைந்தபட்ச உத்தரவாதம் அல்லது விற்பனையில் பங்கு’ என்ற ஒப்பந்தமும் இதே கணக்குதான்.

● வாடகை வருமானத்துக்கு எப்படி வரி? சாதாரணமாக ‘வீட்டுச் சொத்து’ வருமானமாக எடுத்து, 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிப்பார்கள். சொத்தை வாடகைக்கு விடுவதே முழுநேரத் தொழில் என்று சொன்ன சென்னை புராப்பர்டீஸ் நிறுவனத்தின் வழக்கில், அது தொழில் வருமானம்தான் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் என்றால் உண்மைச் செலவையும் தேய்மானத்தையும் கழிக்கலாம். நிறுவனத்தின் அமைப்பு விதியில் எழுதிய நோக்கம்வரை இந்த வேறுபாடு போகிறது.

எத்தனை மாடி லாபம்?

● லிஃப்ட் வரும்வரை மேல்மாடிதான் மலிவு. ஏறுபவர் காலுக்குத் தள்ளுபடி. 1870-ல் நியூயார்க்கில் ஈக்விட்டபிள் காப்பீட்டு நிறுவனம் தன் அலுவலகக் கட்டடத்தில் பயணிகள் லிஃப்ட் வைத்தது. அதன்பின் காற்று, வெளிச்சம், அமைதி என்று மேல்தளத்துக்கு வாடகை ஏறியது. மாடிகள் மேலே போனது அதற்குப் பிறகுதான்.

● 1930-ல் கிளார்க், கிங்ஸ்டன் என்ற இருவர் கிராண்ட் சென்ட்ரல் எதிரே ஒரு மனையை எடுத்து எட்டு விதமான உயரங்களுக்குக் கணக்குப் போட்டார்கள். 8 மாடிக்கு 4.22 சதவீத லாபம். 30 மாடிக்கு 8.5. 63 மாடிக்கு 10.25. 75 மாடிக்கு 10.06. உயர உயர லிஃப்ட்களும் தூண்களும் இடத்தைத் தின்கின்றன. ஒரு கட்டத்துக்குமேல் ஒவ்வொரு மாடியும் லாபத்தைக் குறைக்கிறது. ஆய்வுக்கு ஆதரவளித்தது எஃகுக் கட்டுமானத் துறையின் சங்கம் என்பதும் நினைவிருக்கட்டும்.

● எம்பயர் ஸ்டேட் கட்டடம் 410 நாளில் எழும்பி 1931 மே 1-ல் திறந்தது. குறித்த காலத்துக்குள், குறித்த செலவுக்குள். ஆனால் பெருமந்தம், பெரும்பாலான தளங்கள் காலி. ஊரார் அதை ‘வெற்று ஸ்டேட்’ என்று கேலி செய்தார்கள். முதல் ஆண்டில் உச்சிமாடத்துப் பார்வையாளர் கட்டணம் சுமார் 20 லட்சம் டாலர், கிட்டத்தட்ட வாடகை வருமானத்துக்குச் சமம். லாபத்தைப் பார்க்க 1950-களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

● 828 மீட்டர் புர்ஜ் கலிஃபாவின் உச்சியில் சுமார் 244 மீட்டர், மனிதர் புழங்க முடியாத வெறும் உயரம். அங்கே வாடகை கிடையாது. ஆனால் சுற்றியிருந்த நிலமும் அதே எமார் நிறுவனத்தின் கையில். அங்கே எழுந்த வீடுகள், மால், ஓட்டல்கள் எல்லாவற்றின் விலையையும் கோபுரத்தின் பெயர் தூக்கிவிட்டது. கோபுரத்தை மட்டும் தனியாக வைத்துக் கணக்குப் பார்த்தால் இது புரியாது.

சறுக்கியவை, தாங்கியவை

● லண்டனின் பழைய துறைமுகத்தில் கேனரி வார்ஃப் வளாகத்தைக் கட்டியது கனடாவின் ஒலிம்பியா அண்ட் யார்க். 50 மாடிக் கோபுரம் 1991-ல் முடிந்தது. 1992-ல் திட்டம் திவாலானது. அலுவலகச் சந்தை சரிந்திருந்தது. நம்பியிருந்த ஜூபிலி சுரங்க ரயில் 1999-ல்தான் வந்தது. பின்னாளில் அங்கே வங்கிகள் நிரம்பின. இடத் தேர்வு சரி. காலத்தைத் தாங்கப் பணம் இல்லை.

● ஹாங்காங் இதைத் தலைகீழாகச் செய்தது. அங்கே ரயில் நிறுவனமான எம்.டி.ஆர்., ரயில் வருவதற்கு முந்தைய மதிப்பில் நிலத்துக்குப் பணம் கட்டி, நிலையத்தின் தலைமேலேயே மால்களையும் குடியிருப்புகளையும் எழுப்பும் உரிமையைப் பெறுகிறது. ரயில் கொண்டுவரும் விலையேற்றம் ரயிலுக்கே திரும்புகிறது.

● வெனிசுவேலாவின் கராகஸில் 45 மாடி நிதி மையம் ஒன்று 1990-ல் தொடங்கியது. 1993-ல் அதை முன்னின்று நடத்திய தாவித் பிரியெம்பூர்க் இறந்தார். மறு ஆண்டு வங்கிகள் கவிழ்ந்தன. முடியாத கட்டடத்தில் 2007-ல் வீடற்ற குடும்பங்கள் குடியேறின. 2014-ல்தான் வெளியேற்றம் தொடங்கியது.

● அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அவர் 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார், 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, 1959-ல் எல்.ஐ.சி. பெயரில் கட்டடம் திறந்தது. இரண்டு பெரிய அடிகளுக்குப் பின்னும் வேலை முடிந்ததற்குக் காரணம் உண்டு: காப்பீட்டுப் பணம் பொறுமையான பணம். பிரீமியம் இன்று வரும்; பெரும்பகுதியைத் திருப்பித் தரப் பல ஆண்டு இருக்கும்.

● நியூயார்க்கின் 1740 பிராட்வே கட்டடத்தை 2014-ல் பிளாக்ஸ்டோன் 60.5 கோடி டாலருக்கு வாங்கியது. முக்கிய வாடகைக்காரர் வெளியேறினார். கொரோனாவுக்குப் பின் வட்டியும் ஏறியது. 2024-ல் விற்றது சுமார் 18.6 கோடி டாலருக்கு. அதன் கடன் பத்திரங்களில் மிக உயர்ந்த ‘ஏஏஏ’ தரம் பெற்றதை வாங்கியவர்களுக்கும் நஷ்டம். 2008 நெருக்கடிக்குப் பின் அந்தத் தரத்துக்கு அதுவே முதல் அடி.

சின்ன முதலீட்டாளருக்கு

● ‘ரெய்ட்’ என்றால் பலர் பணம் சேர்த்து வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை. செபி 2014-ல் விதி வகுத்தது. முதல் ரெய்ட்டான எம்பசி 2019 ஏப்ரலில் பங்குச்சந்தைக்கு வந்தது. சொத்தில் 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை ஈட்டுவதாக இருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்துவிட வேண்டும். 2023-ல் வந்த நெக்ஸஸ், மால்களுக்கான முதல் ரெய்ட். வடபழனி விஜயா மாலும் அதில் அடக்கம். இன்று ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.

● 2024-ல் சின்ன ரெய்ட்டுக்கும் விதி வந்தது. 50 கோடி முதல் 500 கோடிக்குள்ளான சொத்துக்கு இது. குறைந்தபட்ச முதலீடு 10 லட்சம். அதுவரை இணையத்தில் ‘அலுவலகத்தில் ஒரு பங்கு வாங்குங்கள்’ என்று கூவி விற்றவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவருவது நோக்கம்.

● 2016 ரெரா சட்டம் வீடுகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விற்பனைக்காகக் கட்டும் கடைக்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தும். வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போட வேண்டும். உள்பரப்பை எழுதிக் காட்ட வேண்டும்.

● ‘கட்டி முடிக்கும்வரை 10 சதவீத உறுதி வருமானம்’ என்று மாலில் 50 லட்சத்துக்குக் கடை விற்கிறார்களா? கட்டடமே இல்லாதபோது வாடகை தருபவர் யாரும் இல்லை. 3 ஆண்டில் வரும் 15 லட்சம், நீங்கள் கொடுத்த விலைக்குள்ளேயே ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கலாம். பக்கத்துத் தெருவில் அதே அளவுக் கடைக்கு என்ன வாடகை என்று விசாரியுங்கள். மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம், 50 லட்சத்துக்கு அது 4.8 சதவீதம். 8 சதவீதம் எதிர்பார்ப்பவருக்கு அந்தக் கடையின் விலை 30 லட்சம். பேரத்தை அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.